கொட்டும் மொழியும்: திருவண்ணாமலைச் சந்தம் பற்றிய ஓர் ஆய்வு

இசைக்கருவி பேசுகிறது என்பதை நாம் பெரும்பாலும் புகழுரையாகவே வழங்கி வருகிறோம். நாதசுரம் வாசிப்பவர் ஒரு கீர்த்தனையின் சொல்லமைப்பை உணர்ந்து, பிரிய வேண்டிய இடத்திற் பிரித்தும் இணைய வேண்டிய இடத்தில் இணைத்தும் வாசித்தால், குழல் பேசிற்று என்கிறோம். அப்பாட்டை முன்னரே அறிந்தவர்க்குத்தான் அது பேசியதாகத் தோன்றும். அறியாதவர்க்கு அஃது இனிய இசையேயன்றிப் பிறிதில்லை. ஆயின், இத்தொடர் புகழுரையாக அன்றி நேர்ப்பொருளிலேயே உண்மையாகும் நாடுகளும் உலகில் உண்டு. அந்நாட்டுக் கருவிகளையும் நம் சந்தப் பாடல்களையும் அருகருகே வைத்து நோக்கினால், தமிழ் யாப்பைப் பற்றி நாம் போதிய அளவு எண்ணிப் பாராத ஒன்று புலனாகிறது. அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

மேற்கு ஆப்பிரிக்காவில் பாலபோன் எனப் பொதுவாக வழங்கும் கருவி ஒன்று உண்டு. நம் ஜலதரங்கத்திற் கிண்ணங்கள் நிற்கும் நிலையில் இதில் மரச்சட்டங்கள் வரிசையாகக் கிடக்கும். சட்டங்களின் கீழே சுரைக்குடுக்கைகள் தொங்கும். சட்டங்களைக் கோல்களால் தட்டி வாசிப்பர். கானா நாட்டின் வடமேற்கில் வாழும் தகாரா மக்கள் தம் கருவியின் குடுக்கைகளில் துளையிட்டு, அத்துளைகளைச் சிலந்தியின் முட்டைக்கூட்டுச் சவ்வினால் மூடுவர். அதனால் தட்டும் ஒலியோடு ஒருவகை அதிர்வும் கலந்து எழும். இறந்தார்க்குரிய சடங்குகளில் இக்கருவிக்குப் பெரிய இடம் உண்டு. கினி நாட்டின் நியாகசோலா என்னும் ஊரில் போற்றப்பட்டு வரும் 'சோசோ பாலா' என்னும் பழங்கருவி 13ஆம் நூற்றாண்டினது என அந்நாட்டு மரபு கூறும். அதனைச் சூழ்ந்த மரபை யுனெஸ்கோ நிறுவனம் 2001இல் மாந்தரினத்தின் அருஞ்செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது.

நம் ஆய்வுக்கு இவற்றினும் பயன்படுவது, புர்க்கினா பாசோ நாட்டின் தென்மேற்கில் வாழும் சம்பிலா மக்களின் பாலபோன். இவர்தம் மொழி சீங்கு எனப்படும். இம்மொழியையும் இக்கருவியையும் ஒருங்கே ஆராய்ந்தவர் லாரா மெக்பர்சன் என்னும் மொழியியலார். அவர்தம் ஆய்வுக்கட்டுரை 2018இல் வெளிவந்தது. சீங்கு மொழியில் ஒவ்வோர் அசைக்கும் உரிய சுருதி உண்டு. அச்சுருதி நான்கு படிநிலைகளில் அமையும். எழுத்தொலிகள் மாறாதிருக்கவும் சுருதி மாறினாற் பொருள் மாறிவிடும். பாலபோன் வாசிப்பவர் இச்சுருதிகளைச் சட்டங்களில் எடுத்துத் தட்டுகிறார். உயிரின் நீட்டமும் குறுக்கமும் தாளத்தில் வெளிப்படுகின்றன. ககரமோ சகரமோ, அகரமோ இகரமோ என்பன கருவியிற் புலப்படுவதில்லை. எனினும் அவையினர் புரிந்துகொள்கின்றனர். கருவி அவர்களை விளிக்கிறது, பரிசில் கேட்கிறது, அவர்களும் விடை இறுக்கின்றனர். நம் பாணர் மரபை எண்ணுவார்க்கு இச்செய்தி சுவை பயப்பதாகும்.

இவ்வகைப் பேச்சு மரச்சட்டக் கருவிக்கே உரியதன்று. கானாவின் அக்கான் மக்கள் உயர்ந்த ஒலியும் தாழ்ந்த ஒலியும் தரும் இணைமுரசுகளைக் கொண்டு தம் மொழியை முழக்குவர். நைஜீரியாவின் யொரூபா மொழி மூன்று சுருதிநிலைகள் உடையது. 'இக்பா' என்னும் ஒரே ஒலிக்கோவை அம்மொழியிற் சுருதி வேறுபாட்டால் காலம் என்றும், இருநூறு என்றும், சுரைக்குடுக்கை என்றும் பொருள்படும். அம்மக்களின் 'துந்துன்' என்னும் இடைசுருங்கு முரசின் வார்களை அழுத்தியும் தளர்த்தியும் சுருதியை ஏற்றி இறக்குவர். அதனால் அம்மூன்றையும் வேறுபடுத்திக் காட்டுவர். மத்திய ஆப்பிரிக்காவில் காங்கோ ஆற்றங்கரையில் நெடுங்காலம் வாழ்ந்த ஜான் காரிங்டன் 1949இல் வெளியிட்ட நூலில் மற்றொரு நுட்பத்தை விளக்கியுள்ளார். இரண்டே சுருதிகள் உள்ள மொழியில் ஓரிரு அசைச் சொற்கள் பல ஒரே ஒலிப்பாங்கு உடையனவாகிவிடும். அம்மயக்கத்தை நீக்குதற்பொருட்டு, திங்கள் என ஒரு சொல்லால் முழக்காமல், நிலத்தை நோக்கிக் கீழே பார்க்கும் திங்கள் என்பதுபோல் நீண்டதொரு தொடராக முழக்குவர். தொடர் நீள நீள மயக்கம் குறையும். இந்நுட்பத்தை வாசகர் நினைவிற் கொள்க; பின்னர் இதற்கு வேலை உண்டு.

இனித் தமிழ்நாட்டை நோக்குவோம். நம் உடுக்கையும் இடைசுருங்கு பறையே. அதன் கயிற்றை அழுத்தினால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். துந்துன் செய்வதை அதுவும் செய்யவல்லது. ஆயினும் கோடாங்கியின் உடுக்கை சொற்களைச் சொல்வதில்லை. அவர் வாயே சொல்லுகிறது, உடுக்கை உடன் அதிர்கிறது. இக்குறை கருவியைச் சார்ந்ததன்று. தமிழ் சொற்பொருளை வேறுபடுத்தும் கடமையைச் சுருதியிடம் ஒப்படைக்கவில்லை. வினாவும் வியப்பும் சினமும் சுருதியால் விளங்கும். ஆனால் 'மலை' என்பதை எந்தச் சுருதியிற் சொன்னாலும் மலைதான்.

இவ்விடத்தில் தொல்காப்பியம் கற்றார் ஒரு தடை எழுப்பக்கூடும். எழுத்து ஒன்றாயிருந்தும் பொருள் வேறாகும் புணர்ச்சிகள் இசையால் வேறுபடும் எனத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்திற் கூறியிருக்கிறாரே. 'செம்பொன்பதின்றொடி' என்பதனைச் செம்பொன் பதின்றொடி எனவும், செம்பு ஒன்பதின்றொடி எனவும் ஓசை வேறுபாட்டால் உணர்க என உரையாசிரியர் காட்டுகின்றனரே. அங்ஙனமாயின் தமிழிலும் இசை பொருள் தருவதன்றோ என்பது அத்தடை. அது தக்க தடையே. எனினும் அங்கே இசை எனப்பட்டது சொற்களின் எல்லையைக் காட்டும் ஓசை. எங்கே நின்று எங்கே தொடங்குவது என்பதைப் பற்றியது. தனிச்சொல் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு சுருதியை உடைத்து என்பது அந்நூற்பாவின் கருத்தன்று. இத்தகைய சொற்களுக்கு இன்னது என வரையறுத்த எழுத்து முறைமை இல்லை என ஆசிரியரே அடுத்து உரைத்தலும் காண்க. பிற்காலத்தார் கூறும் எடுத்தல், படுத்தல், நலிதல் என்பனவும் சீங்கு மொழியின் நான்கு சுருதிகளோடு வைத்து எண்ணத்தக்கன அல்ல.

பறை செய்தி சொல்லும் வழக்கு நம் நாட்டில் மிகப் பழையது. திணைதோறும் அதற்குரிய பறையைக் கருப்பொருளுள் ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்தார். ஒரு மனையில் நெய்தற்பறை கறங்க, மற்றொரு மனையில் மணமுழவு ஒலிப்பதைப் பக்குடுக்கை நன்கணியார் புறநானூற்றிற் பாடினார். தெருவில் நிற்பவர் ஒலியைக் கேட்ட அளவிலேயே சாவு இது, மணம் இது என அறிந்தனர். இன்றும் ஊர்களிற் கொட்டின் வகை கேட்டே நிகழ்ச்சியை அறிவர். ஆயினும் இது குறியே, பேச்சாகாது. கோயில் மணி பூசைவேளையை அறிவிப்பதுபோலக் கொட்டு நிகழ்ச்சியை அறிவிக்கிறது. பேசும் முரசு நம்மிடமும் இருந்தது என்று பெருமை கொள்ளும் கட்டுரைகள் சில இவ்வேறுபாட்டை நோக்காமல் எழுதப்பட்டுள்ளன. பெருமைக்கு உரியது வேறோரிடத்தில் இருக்கிறது. அதனைத் தேடித் திருவண்ணாமலைக்குச் செல்ல வேண்டும்.

அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டினர். தம் பாடலொன்றில் அவர் குறிக்கும் பிரபுடதேவராயன், 1422 முதல் 1446 வரை ஆண்ட விசயநகர வேந்தன் இரண்டாம் தேவராயன் என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. அண்ணாமலையார் கோயிலுள் நுழைவார் ஆயிரக்கால் மண்டபத்திற்கு அண்மையிற் கம்பத்திளையனார் சந்நிதியைக் காண்பர். அவ்வேந்தன் காண முருகன் கம்பத்தில் தோன்றினான் என்பது தலமரபு. வல்லாள கோபுரத்தோடும் கிளி கோபுரத்தோடும் அவர் வரலாறு பிணைந்து கிடக்கிறது. அவர் இறுதியிற் கிளியுருக் கொண்டார் என்னும் கதையை வரலாறாகக் கொள்ள வேண்டுவதில்லை. எனினும், கேட்ட ஒலியைக் கேட்டவாறே மீட்டுரைக்கும் பறவையைச் சந்தப் புலவர்க்கு உடலாக்கிய மக்களின் செவி நுட்பத்தை நாம் வியக்கிறோம்.

திருப்புகழ்ப் பாடல்கள் பதினாறாயிரம் என்பது வழிவழிச் செய்தி. ஏடு தேடித் தொகுத்து வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை 1894இலும் 1901இலும் இரு பகுதிகளாக வெளியிட்டார். அவர் மைந்தர் தணிகைமணி வ. சு. செங்கல்வராய பிள்ளை அப்பணியைத் தொடர்ந்தார். இன்று நமக்குக் கிடைப்பன ஆயிரத்து முந்நூற்றுக்குச் சிறிது மேற்பட்டவை. இப்பதிப்புகளிற் பாடலின் தலைப்பில் தத்த, தனன, தானன என ஒரு வாய்பாடு அச்சிடப்பட்டிருக்கும். கற்போர் பலர் அதனைத் தாண்டிப் பாட்டுக்குட் சென்றுவிடுகின்றனர். அவ்வாய்பாடே நம் ஆய்வுப் பொருள்.

வண்ணம் என்னும் கருத்துப் பழையது. தொல்காப்பியர் செய்யுளியலில் இருபது வண்ணங்களை எண்ணினார். வல்லிசை, மெல்லிசை, நெடுஞ்சீர், குறுஞ்சீர், உருட்டு, முடுகு என்னும் பெயர்களே அவை எழுத்தின் ஓசையை அடியாகக் கொண்டவை என்பதைக் காட்டும். பின்னாளில் வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் (1839-1898) வண்ணத்தியல்பு என்னும் நூலில் இதற்குத் தனி இலக்கணம் வகுத்தார். தத்த, தாத்த, தந்த, தாந்த, தன, தான, தன்ன, தய்ய என்பன அடிப்படைச் சந்தங்கள் எட்டு; இவற்றின் ஈறு நீள்வதால் தத்தா, தாத்தா முதலாக மேலும் எட்டு உண்டாகும்.

இவ்வெட்டும் எவற்றை வேறுபடுத்துகின்றன என்று பார்ப்போம். பகரத்தில் தொடங்கும் சொற்களையே எடுத்துக்கொள்வோம். படு என்பது தன. பாடு என்பது தான. பட்டு, தத்த, பாட்டு, தாத்த. பந்து, தந்த, பாம்பு, தாந்த. பண்ணு என்பது தன்ன. பள்ளு என்பது தய்ய. எட்டுச் சொற்களும் நாம் நாள்தோறும் வழங்குவன அல்லது நன்கு அறிந்தன. அவற்றுள் பொருளைப் பிரிப்பன இரண்டே: முதலுயிரின் நீட்டம் ஒன்று; அதனை அடுத்து ஒற்று உண்டா, உண்டாயின் அது வல்லொற்றா, மெல்லொற்றா, இடையொற்றா என்பது மற்றொன்று. சந்தம் இவ்விரண்டையும் பற்றிக்கொள்கிறது, பிறவற்றை விட்டுவிடுகிறது. பட்டு, கொக்கு, தச்சு, பற்று அனைத்தும் அதற்குத் தத்த என்னும் ஒன்றே.

யாப்பிலக்கணத்தோடு ஒப்பிட்டால் இதன் நுண்மை விளங்கும். தன என்பது இருகுறில் இணைந்த நிரையசை. எஞ்சிய ஏழும் அசை பிரிக்குங்கால் நேர் நேர் என நின்று தேமா ஆகிவிடும். ஈற்றுக் குற்றியலுகரத்தைத் தனித்து நோக்கும் நேர்பு, நிரைபு முறையை ஈண்டு ஒதுக்கி நிற்கிறோம். அசையிலக்கணம் ஒரே பெயரால் அழைக்கும் ஏழு ஓசைகளைச் சந்த இலக்கணம் ஏழாகவே கேட்கிறது. பாட்டையும் பட்டையும் பாம்பையும் பந்தையும் சீர் என்னும் அளவில் ஒன்றாக எண்ணுதல் வெண்பாவுக்குப் போதும். கொட்டுக்கு அது போதாது.

ஏன் போதாது என்பதற்குத் தவிற்காரர் பயிலும் சொற்கட்டு விடை தருகிறது. தோற்கருவி பயில்வார் கையால் தட்டும் முன்னர் வாயாற் சொல்லிப் பழகுவர். த, கி, ட, க என்னும் சொற்கள் தட்டியவுடன் அடங்கும் ஒலிக்கு உரியன. தொம், நம், தீம் என்பன தட்டியபின் நின்று அதிரும் ஒலிக்கு உரியன. அடங்கும் ஒலியை வல்லெழுத்தாலும் அதிரும் ஒலியை மெல்லெழுத்தில் முடியும் அசையாலும் குறித்த செவி, வல்லினம் மெல்லினம் என எழுத்தை வகுத்த அதே செவியாகும். ஆகவே தத்த என்பதனையும் தந்த என்பதனையும் கொட்டில் வேறுபடுத்திக் காட்ட இயலும்: முன்னதில் முதலடி அடைபடும், பின்னதில் அது மூக்கொலிபோல் நின்று அதிரும். பாலபோனின் மரச்சட்டம் சுருதியால் வேறுபடுத்துவதைத் தவிலின் தோல் அடைப்பாலும் அதிர்வாலும் வேறுபடுத்துகிறது. நாதசுரத்திலும் நாவினாற் காற்றைத் தடுத்து விடும் துத்துக்காரம் ஏறக்குறைய இதே பணியைச் செய்கிறது. எம்மொழி எதிற் பொருளை வைத்திருக்கிறதோ, அம்மொழியாரின் கருவி அதனையே தேடிப் பற்றுகிறது என்பது நாம் கொள்ளும் முடிபு. சீங்கு மொழி சுருதியில் வைத்தது; தமிழ் மாத்திரையிலும் ஒற்றிலும் வைத்தது.

எனினும் இரண்டிற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சம்பிலாவில் மொழி முந்துகிறது, கருவி அதனைப் பின்பற்றுகிறது. அருணகிரிநாதரிடம் பெரும்பாலும் கொட்டு முந்துகிறது, மொழி அதனைப் பின்பற்றுகிறது. ஆப்பிரிக்கக் கலைஞர் கருவியைப் பேசச் செய்தார்; நம் புலவர் பேச்சைக் கொட்டச் செய்தார்.

இதற்குச் சான்றாக, திருவண்ணாமலையில் அவர் முதன்முதற் பாடியது என மரபு போற்றும் 'முத்தைத்தரு' எனத் தொடங்கும் பாடலைச் சிறிது விரிவாகக் காண்போம். அதன் சந்தம் 'தத்தத்தன தத்தத் தனதன' என்பது. இக்கோவை மும்முறை வந்து 'தனதான' என்னும் தொங்கலில் முடியும். இவ்வமைப்பு எட்டு முறை நிகழ்வதால், பாடல் முழுதும் அக்கோவை இருபத்துநான்கு முறை மாறாது வருகிறது. வல்லொற்றே பயின்று வரும் சந்தம் இது. ஒரு கோவையில் பத்து அசையொலிகள். அவற்றுள் நான்கு அடைபட்டு நிற்பன, ஆறு ஓடிச் செல்வன.

பாடலின் பிற்பகுதி போர்க்களக் காட்சி. பயிரவி காற்சிலம்பு ஒலிக்கக் கூத்தாடுகிறாள். கழுகும் பேயும் உடன் ஆடுகின்றன. எண்திசையும் காக்கும் பயிரவர் எண்மரும் கொட்டின் ஒலியை வாயால் ஓதுகின்றனர். பறைகள் முழங்குகின்றன. அப்போது முதிய கோட்டான் குரல் எழுப்புகிறது. இங்கே புலவர் செய்வது நோக்கத்தக்கது. முதலிற் ககர உகரமாகிய 'கு' என்னும் ஓரெழுத்தையே இரட்டித்தும் தனித்தும் அடுக்கி, மேற்குறித்த சந்தக் கோவை ஒன்றை அணுவும் பிசகாமல் நிரப்புகிறார். அது பறவையின் வெற்றொலி, பொருள் இல்லை. அடுத்த கோவை அதே சந்தம், அதே அடைப்பு, அதே ஓட்டம். ஆனால் அது குத்து, புதை, புகு, பிடி என்னும் வினைகளால் ஆகிய ஏவலாக நிற்கிறது. ஒரே தாளத்தில் முதலில் ஒலி, பின்னர் அவ்வொலியே சொல். கோட்டான் பேசிவிட்டது.

சந்த வாய்பாடு உயிரின் வகையை விட்டுவிடும் என்று முன்னர்க் கூறினோம். அவ்விடத்தைப் புலவர் தம் திறத்தால் ஈடு செய்கிறார். குத்து, புதை, புகு என்னும் மூன்றும் உகரம் ஏறிய வல்லெழுத்தில் தொடங்குவன. கோட்டானின் குரலில் உள்ள உகரம் சொற்களுக்குள்ளும் தொடர்ந்து கேட்கிறது. கருவிக்கு இயலாததை மொழி செய்யும் இடம் இது. பயிரவர் ஓதும் பகுதியும் இத்தகையதே. அதிற் கொட்டுச்சொற்களே பாட்டின் அடியாக நின்று, எதுகையும் சந்தமும் கெடாது பொருந்துகின்றன. கொட்டுச்சொல் எங்கே முடிந்து தமிழ்ச்சொல் எங்கே தொடங்குகிறது என்பது செவிக்கு எளிதிற் புலப்படுவதில்லை. அதுவே புலவர் வேண்டியது. கொட்டுச்சொற்கள் வரும் இடங்களைப் பொருளற்ற ஒலி என்று உரைகாரர் ஒரு வரியிற் கடந்துவிடுதல் நமக்கு நிறைவளிக்கவில்லை. பாடல் முழுவதற்கும் திறவுகோல் அங்கேதான் இருக்கிறது.

இனி ஒரு வினா. சொற்களை நீக்கிச் சந்தத்தை மட்டும் தவிலிற் கொட்டினால் கேட்பவர் பாட்டை அறிவரா? ஓரிரு அசைகளால் இயலாது. காரிங்டன் கண்ட ஆப்பிரிக்க நுட்பம் இங்கே நினைவுக்கு வருகிறது: நீளம் மயக்கத்தைக் குறைக்கும். திருப்புகழின் சந்தக் கோவைகள் நீண்டு, தொங்கலில் முடிந்து, மீண்டும் மீண்டும் வருவதால், பயின்ற செவி சிற்சில பாடல்களை உறுதியாக இனங்காணும். ஆனால் ஒரே சந்தத்தில் அமைந்த பாடல்கள் பல உள. அவற்றைக் கொட்டு பிரித்துக் காட்டாது. முன்பின் அறியாத பாட்டின் பொருளைக் கொட்டிலிருந்து பெறுதல் அறவே இயலாது. ஆகவே தமிழ்க் கொட்டு நினைவூட்டும், புதுச்செய்தி சொல்லாது. ஆய்வு மாணவர் இதனைச் செய்துபார்க்கலாம். சந்தம் வேறான பாடல் மூன்றும் சந்தம் ஒத்த பாடல் மூன்றும் தெரிந்தெடுத்து, சுருதியின்றித் தவிலில் வாசிக்கச் செய்து, திருப்புகழ் பயின்ற அன்பர் எத்துணையை இனங்காண்கின்றனர் என்று குறித்தால், மேற்கூறிய கருத்துக்கு அளவு கிடைக்கும். திருவண்ணாமலையில் அத்தகைய செவியினரைத் தேடி அலைய வேண்டியதில்லை.

கோயிற் புறப்பாட்டில் நாதசுரக்காரர் வாசிக்கும் மல்லாரியை ஈண்டு ஒப்புநோக்கலாம். கம்பீர நாட்டையில் அமையும் அதற்குச் சாகித்தியம் இல்லை. கொட்டுச்சொற்களின் கட்டே அதன் உடல். சொல்லற்ற கொட்டு ஒருபுறம், கொட்டேயாகிய சொல் மற்றொருபுறம். மல்லாரிக்கும் திருப்புகழுக்கும் இடையே தமிழ்நாட்டுக் கொட்டிசையின் பரப்பு முழுதும் அடங்கிவிடுகிறது என்று கூறத் தோன்றுகிறது. தமருக ஒலியிலிருந்து பாணினியின் பதினான்கு எழுத்துச் சூத்திரங்கள் பிறந்தன என்னும் வடமொழி மரபும் இவ்வழியில் எண்ணத்தக்கது; அது தனியே விரிக்கவேண்டிய பொருளாதலின் இவ்வளவில் அமைகிறோம்.

இவ்வாராய்ச்சியிலிருந்து இசை வரலாற்றுக்கு ஒரு பயன் உண்டு. அருணகிரிநாதர் பாடிய மெட்டுக்கள் நமக்கு வந்து சேரவில்லை; இன்று பாடப்படுவன பெரும்பாலும் பிற்காலத்தார் அமைத்தவை. ஆனால் அவர் கருதிய தாள நடை சிதையாமல் வந்துள்ளது. நெடுங்காலம் ஓலையிற் கிடந்த எழுத்திலிருந்தே அதனை மீட்டுக் கொட்ட முடிகிறது. காரணம் வெளிப்படை. தமிழ் எழுத்து நீட்டத்தையும் ஒற்றையும் குறிக்கும், சுருதியைக் குறிக்காது. ஆதலின் எழுத்துக்குள் தாளம் தங்கிற்று, பண் தங்கவில்லை. சுருதியே சொல்லாகிய மொழியிலாயின் நிலைமை மாறியிருக்கும். அங்கே சொற்களை அறிந்தவர் மெட்டின் போக்கையும் ஓரளவு உய்த்துணர இயலும்.

தாளம் எழுத்தில் தங்கியிருக்கிறது என்றால், எழுத்தைக் கெடுப்பது தாளத்தைக் கெடுப்பதாகும். இதுவே நாம் பதிப்பாளர்க்கும் ஆய்வு மாணவர்க்கும் வற்புறுத்த விரும்புவது. பொருள் எளிதில் விளங்கும்பொருட்டுச் சொற்பிரித்து அச்சிடும் வழக்கம் இன்று பரவியுள்ளது. அது வேண்டியதே. ஆனால் பிரிக்கும்போது சந்தியில் மிகும் வல்லொற்றை விட்டுவிடுகின்றனர். 'பட்டுக் குடை' என்பது தத்தத் தன. ஒற்றை நீக்கிப் 'பட்டு குடை' என்று எழுதினால் அது தத்த தன. உரைநடையில் இஃது ஓர் எழுத்துப்பிழை. சந்தப் பாடலில் ஓர் அடி விழவேண்டிய இடத்தில் அடி விழவில்லை. முத்தைத்தரு போன்ற பாட்டில் இத்தகைய ஒற்றுக்கள் பத்தை நீக்கிவிட்டால் பொருள் அப்படியே இருக்கும், பறைதான் ஊமையாகிவிடும்.

பாடவேறுபாடு கண்டவிடத்துச் சந்தமே நடுவராதல் வேண்டும். இரு பாடங்களுள் ஒன்று பொருளாற் சிறந்தும் சந்தத்தில் ஓரொற்றுக் குறைந்தும் இருப்பின், சந்தம் பொருந்தும் பாடத்தையே மூலமாகக் கொண்டு மற்றதனை அடிக்குறிப்பில் தருதல் முறை. ஒரு விதிவிலக்கை மட்டும் மறத்தலாகாது. தொங்கலின் இறுதியில் வரும் ஒற்று, பாடுவார் அங்கே நின்று மூச்செடுப்பதால் வாய்பாட்டிற் கணக்கிடப்படுவதில்லை. 'தனதான' என்னும் தொங்கலுக்கு மகர ஒற்றில் முடியும் சொல்லும், அடுத்த அடியோடு புணர்ந்து வல்லொற்று மிக்க சொல்லும் பொருந்தும். இதனை அறியாது அவ்வொற்றுக்களை மிகை எனக் கருதித் திருத்திய இடங்கள் இருப்பின், அவற்றை ஏட்டோடு ஒப்பிட்டு மீண்டும் நோக்குதல் வேண்டும்.